கொட்டுவோர்க்கும் ஓர் அவை வேண்டும்

இசையைக் குறித்து நம்மவர் எழுதும் கட்டுரைகளைப் புரட்டிப் பார்ப்பவர்க்கு ஓர் உண்மை உடனே விளங்கும். கட்டுரையின் பெரும்பகுதி பாடகருக்கு உரியதாயிருக்கும். மிஞ்சிய இடத்தில் பிடில்காரருக்கு இரண்டு வாக்கியம் கிடைக்கும். மிருதங்கமும் கடமும் கச்சேரிக்குத் துணை செய்தன என்று கடைசி வரியில் முடிந்துவிடும். மேடை மீதேறிய தாளக் கருவிகளின் கதியே இதுவானால், மேடையேறாத உறுமிக்கும் பறைக்கும் எழுத்தில் என்ன இடம் கிடைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சாவு வீட்டிலும் சாமி ஊர்வலத்திலும் அவற்றின் ஒலியைக் கேட்கிறோம். கேட்டபின் அதனை இசையென்று எண்ணிப் பார்ப்பவர் சிலர்; அடித்தவரின் பெயரைக் கேட்பவர் அவரினும் சிலர்.

பாடகரின் பின்னே அமர்ந்து துணை செய்யாமல், கொட்டுவோரே முதல்வராய்க் கூடிய ஓர் அவையை இங்கே ஆராயப் புகுகின்றோம். அவ்வவை கூடியது அமெரிக்காவில். எனினும் அதில் சென்னைப் பட்டணத்துப் பானை ஒன்றும் ஒலித்தது. அப்பானை அங்கே சென்ற வழி யாது? நம் தம்பின் வட்டாரத்துத் தோட்டங்களிலும், கிம்மாஸ், கெமெஞ்சே முதலிய ஊர்களிலும் ஒலிக்கும் உறுமியும் பறையும் அத்தகைய அவையில் ஏன் காணப்படவில்லை? இவற்றை ஆராய்வது வெறும் இசை ஆராய்ச்சியோடு நில்லாது; நம் சமூகத்தின் கணக்கைப் பார்ப்பதுமாகும்.

புவி முரசு

அமெரிக்காவில் 'கிரேட்புல் டெட்' என்னும் பெயர் பெற்ற ராக் இசைக் குழுவில் முரசு கொட்டிவந்த மிக்கி ஹார்ட் என்பவர், 1991ஆம் ஆண்டில் 'பிளானட் டிரம்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். புவி முரசு என்று நாம் அதற்குப் பெயரிட்டுக்கொள்ளலாம். நைஜீரிய நாட்டினரான பாபாதுண்டே ஒலாதுஞ்சி, சிக்கிரு அடெபொஜு ஆகிய இருவரும், போர்ட்டோ ரிக்கோ தீவினரான ஜொவானி ஹிடால்கோவும், பிரேசில் நாட்டினரான ஐர்ட்டோ மொரேராவும், அவர் மனைவியாரான பாடகி புளோரா பூரிமும், பம்பாய் தபலா வித்வான் ஜாகிர் ஹுசேனும், சென்னைக் கட வித்வான் 'விக்கு' விநாயக்ராமும் அதில் ஒன்று கூடினர். அமெரிக்காவின் கிராமி பரிசுக் குழுவினர் உலக இசைத் தட்டுக்கென்று முதன்முதலில் ஏற்படுத்திய பரிசு, 1992இல் இத்தட்டுக்கே கிடைத்தது.

இத்தட்டின் சிறப்பு யாது? பல நாட்டுக் கருவிகளை ஒரே அறையில் அடுக்கி வைத்தமை ஒரு சிறப்பாகாது. அதை எந்தப் பொருட்காட்சிச் சாலையும் செய்யும். ஒருவர் கொட்டும்போது மற்றவர் கேட்கின்றனர் என்பதே இதன் சிறப்பு. தாழ்ந்த குரல் முரசு பாதை போட, அதன்மேல் காங்கா நடக்கின்றது. இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியில் கடத்தின் விரல் ஓடுகின்றது. யாருடைய கை வேகம் மிக்கது என்று காட்டும் போட்டி பெரும்பாலும் இல்லை. மொழியாலும் மதத்தாலும் நிறத்தாலும் வேறுபட்டோர், ஒருவர்க்கொருவர் இடம் விட்டு நடந்துகொண்டால் என்ன விளையும் என்பதைக் காதால் அறியச் செய்கின்றது இத்தட்டு. சமத்துவத்தைப் பற்றிப் பல பிரசங்கங்கள் செய்ய மாட்டாத வேலையை இது செய்கின்றது எனலாம்.

ஆயின், குறை கூறாது புகழ்வது விமரிசனமாகாது. இத்தட்டின் 13 உருப்படிகளும் சுருங்கியவை. நம் கச்சேரியில் தனியாவர்த்தனத்தின்போது ஒரு கோர்வையைப் படிப்படியாகக் கட்டி எழுப்ப வித்வானுக்குக் கிடைக்கும் அவகாசம் இங்கே இல்லை. தாளக் கணக்கறிந்து கேட்பவருக்குப் பசி தீருமுன் இலை எடுக்கப்பட்டது போலிருக்கும். மேலும், ஒவ்வொரு முரசுக்கும் அதற்குரிய ஊரும் பொழுதும் காரியமும் உண்டு. அறுவடைக்குக் கொட்டுவதும் திருமணத்துக்குக் கொட்டுவதும் இறந்தோர்க்குக் கொட்டுவதும் ஒன்றல்ல. அக்காரியங்களினின்றும் பிரித்தெடுத்து ஒரே தட்டில் வார்க்கும்போது நயம் கூடினாலும் பொருள் குறைகின்றது. இன்னுமொன்று: அவையோர் சமமானவர் என்றாலும், அவையைக் கூட்டியவரும் தட்டை விற்றவரும் அமெரிக்கர், உலகம் என்பது எதுவென்று தீர்மானித்ததும் அவர்தம் சந்தையே. இக்குறைகளை மனத்தில் வைத்துக்கொண்டே இதன் நிறையை நாம் ஏற்க வேண்டும்.

பானையும் இருக்கையும்

அத்தட்டின் முதல் உருப்படிக்கு 'உடு' என்னும் கருவியின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. உடு என்பது நைஜீரியாவின் இக்போ மக்களிடையே வழங்கும் மண்பானை. பக்கத்தில் ஒரு துளையுடையது. அதை வனைந்தவரும் வாசித்தவரும் வழிவழியாகப் பெண்களே. நமது கடமும் மண்பானையே. மானாமதுரையில் குயவர் வனைந்து, சுவர் ஒரே கனமாய் அமையும்படி தட்டித் தட்டிச் சீர்செய்து, சூளையில் சுட்டு எடுக்கும் பானை அது. அங்கும் அதைச் செய்வதில் பெயர் பெற்றவர் ஒரு பெண்மணி; மீனாட்சி கேசவன் அம்மையாருக்கு இந்திய அரசின் சங்கீத நாடக அகாதெமி விருது வழங்கப்பட்டுள்ளது. ஆப்பிரிக்கப் பானையும் தமிழ்ப் பானையும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளைப் போல ஓரவையில் சந்திக்கின்றன என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

நமது சபைகளில் அப்பானைக்குக் கிடைத்துவந்த இடம் யாது? கடம் உபபக்கவாத்தியம், அஃதாவது துணைக்குத் துணை. மிருதங்க வித்வான் விட்டுக்கொடுத்தால் அதற்கு வாய் உண்டு, இல்லையேல் இல்லை. இத்தகைய பானையைத்தான் விநாயக்ராம், 1975ஆம் ஆண்டு வாக்கில் ஜான் மெக்லாலின் என்ற ஆங்கிலேய கித்தார் வித்வானுடனும், எல். சங்கருடனும், ஜாகிர் ஹுசேனுடனும் சேர்ந்து 'சக்தி' என்னும் குழுவில், தபலாவுக்கு எதிரே சரியாசனத்தில் வைத்து முழங்கினார். அக்குழுவின் பிற்காலத் தட்டாகிய 'திஸ் மொமென்ட்' 2024இல் கிராமி பரிசு பெற்றபோது, அதில் கஞ்சிரா வாசித்தவர் அவர் மகன் செல்வகணேஷ். ஒரு தலைமுறையில் துணைக்குத் துணையாயிருந்தது, மறு தலைமுறையில் முன்வரிசைக்கு வந்துவிட்டது. பானை அதே பானை. மண்ணும் அதே மண். மாறியது அதற்கு இட்ட இருக்கை ஒன்றே.

இது தானாக நடந்ததன்று என்பதையும் கூற வேண்டும். விநாயக்ராமின் தந்தையார் ஹரிஹர சர்மா 1958இல் சென்னையில் தாள வாத்தியங்களுக்கென்றே ஒரு வித்தியாலயம் நிறுவினார். பயிற்சிக்குப் பள்ளியும், சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகும் முறையும், தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் வித்தை வெளியாருக்கும் கிடைக்கும் வழியும் இருந்தமையால்தான் வாய்ப்பு வந்தபோது கை ஆயத்தமாயிருந்தது. கஞ்சிராவின் கதையும் இத்தகையதே. பஜனைக் கூட்டங்களில் தட்டப்பட்ட அச்சிறு கருவியைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவர் காலத்துக்கு முன் அதற்குச் சபையில் இடமில்லை. இன்று இல்லையென்று சொல்வாரும் இல்லை.

ஹரிஹர சர்மாவின் வித்தியாலயத்தில் சுகன்யா ராம்கோபால் என்ற பெண்மணியும் பயின்றார். கடம் தட்டுவதற்கு வேண்டிய கைவலிமை பெண்களுக்கு இராது என்ற ஐயம் முதலில் எழுந்தது. பெரியவர் சர்மா அதைப் பொருட்படுத்தாது தாமே கற்பித்தார். பிற்காலத்தில், பெண்ணொருத்தி கடம் வாசிக்கும் மேடையில் தாம் அமரமாட்டோம் என்று மறுத்த மிருதங்கக்காரரும் உண்டு. அம்மையார் சோர்ந்துவிடவில்லை. வேறு வேறு சுருதியுடைய பானைகளை வரிசையாக வைத்து வாசிக்கும் 'கட தரங்கம்' அமைத்தார். 1995இல் பெண்கள் மட்டுமே கொண்ட 'ஸ்த்ரீ தாள் தரங்' என்னும் தாளக் குழுவைத் தொடங்கினார். பானையை வனையப் பெண்ணின் கைக்கு வலிமை உண்டு, தட்ட மட்டும் இல்லை என்று கூறுவது எந்த நியாயம் என்று கேட்கின்றோம்.

தரம் பிரித்தவர் யார்?

இனி நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது, தெய்வம், உணவு, மரம், புள் இவற்றோடு பறையையும் வைத்து எண்ணுகின்றது. பறையில்லாத நிலமொன்று தமிழருக்கு இருந்ததில்லை என்பது இதன் பொருள். புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வகைக் குடிகளைச் சிறப்பித்துக் கூறுகின்றார். துடி கொட்டுவோரும், பண் பாடுவோரும், பறை கொட்டுவோரும் ஊரின் முதற் குடிகளாய் மதிக்கப்பட்ட காலம் ஒன்றிருந்தது.

பின்னர் நேர்ந்தது யாது? சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார் தோற்கருவிகளை வகைப்படுத்தும்போது, மத்தளம், இடக்கை, பேரிகை, குடமுழா முதலியவற்றை உத்தமம் என்றும், தண்ணுமை, தக்கை முதலியவற்றை மத்திமம் என்றும், கணப்பறை முதலியவற்றை அதமம் என்றும் தரம் பிரிக்கின்றார். மனிதரைத் தரம் பிரித்த காலத்தில் தோலும் தரம் பிரிக்கப்பட்டது போலும்! ஆயினும் இவ்வரிசை என்றும் நிலைத்ததன்று என்பதற்கு அவ்வரிசையே சான்று. மிருதங்கத்தின் முன்னோடி என்று பலர் கூறும் தண்ணுமை அவர் கணக்கில் இரண்டாந்தரம். இன்றோ மிருதங்கமே சபையில் முதல்தரம். இரண்டாவது முதலாவதாகலாம் எனின், மூன்றாவது மட்டும் ஏன் மூன்றாவதாகவே கிடக்க வேண்டும்?

தோல் என்ற அளவில் பார்த்தால் வியப்பு இன்னும் மிகும். மிருதங்கத்தில் பசுவின் தோலும் ஆட்டின் தோலும் எருமைத் தோலின் வாரும் சேர்ந்துள்ளன. அவற்றைப் பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, நாதம் பிறக்கச் செய்பவர் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த கிறிஸ்தவக் குடும்பத்தினர். பாலக்காடு மணி ஐயரின் கையில் முழங்கிய மிருதங்கத்துக்குப் பின்னே பர்லாந்து என்ற தொழில் வல்லுநரின் கை இருந்தது. இத்தொழிலாளர் வரலாற்றைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்னும் நூலாக 2020இல் வெளியிட்டார். அந்நூலின் வெளியீட்டு விழாவுக்கு முதலில் இடந்தர இசைந்த சென்னைக் கலைநிலையம் ஒன்று, பின்னர் இடமில்லையென்று கூறிவிட்டது; விழா வேறிடத்தில் நடந்தது. தோலுக்கு மேடையுண்டு, தோலைக் கட்டியவரின் பெயருக்கு மேடையில்லை!

ஆங்கிலத்தில் 'பறையா' என்றொரு சொல் உண்டு. சமூகத்தினின்று தள்ளி வைக்கப்பட்டவன் என்பது அதன் பொருள். நம் மொழியிலிருந்து உலக அகராதிகளில் ஏறிய சொற்கள் சிலவே. அவற்றுள் ஒன்று, முரசு கொட்டுவோரைக் குறித்த பெயர், இழிசொல்லாய் மாறி ஏறியது. முரசு என்றால் நமக்குப் பெருமை. 1935இல் சிங்கப்பூரில் சீர்திருத்தக்காரர் தொடங்கிய இதழுக்கும் 'தமிழ் முரசு' என்றே பெயர். பறை என்றால் மட்டும் முகம் சுளிக்கின்றோம். அரசன் வாயிலில் முழங்கினால் முரசு, ஏழையின் தெருவில் முழங்கினால் பறை என்பதைத் தவிர இதில் வேறு என்ன நியாயம் காண்கின்றோம்?

தோட்டமும் முரசும்

தோட்டத் தொழிலாளத் தோழர்களுக்கு இவ்விடத்தில் பிற நாட்டுச் செய்திகள் சிலவற்றைச் சொல்ல விரும்புகின்றோம். அமெரிக்காவின் தென் கரோலினாவில், 1739ஆம் ஆண்டு ஸ்டோனோ ஆற்றங்கரையில் ஆப்பிரிக்க அடிமைகள் முரசு கொட்டிக்கொண்டு கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே, அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருத்தலாகாது என்று சட்டம் செய்தனர் தோட்ட முதலாளிகள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இதற்கு மாறாக நடந்தது. அங்கே நம்மவரின் தப்பையே துரைமார் தம் வேலைக்கு வாங்கிக்கொண்டனர். இருள் பிரியுமுன் தப்பு முழங்கும், தொழிலாளர் எழுந்து பிரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். ஓரிடத்தில் முரசு தடுக்கப்பட்டது, மற்றோரிடத்தில் முரசு வேலைக்காரனாக்கப்பட்டது. இரண்டிலும் முரசின் வலிமையைத் தோட்ட முதலாளி நன்கறிந்திருந்தான் என்பது புலனாகும். அவ்வலிமையை அறியாதவர் நம்மவருள்தான் மிகுதி.

மூன்றாவது செய்தி நமக்கு மிகவும் வேண்டியது. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான டிரினிடாட்டில், கரும்புத் தோட்டங்களினின்று விடுதலையான மக்கள் தெருவில் முரசு கொட்டுவதை 1880களில் ஆங்கில ஆட்சி ஒடுக்கிற்று. அவர்கள் தோலை விட்டு மூங்கிலைத் தட்டினர். 1930களின் இறுதியில் மூங்கிலையும் விட்டுப் பழைய தகரப் பெட்டிகளையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் தட்டிச் சுரம் பிறக்கச் செய்தனர். 'ஸ்டீல் பான்' என்னும் கருவி இவ்வாறு தோன்றியது. தொடக்கத்தில் அதை வாசித்த வாலிபர்களுக்கு முரடர் என்ற பெயரே கிடைத்தது. ஒரு தெருக் குழுவும் மற்றொரு தெருக் குழுவும் திருவிழா நாட்களில் அடித்துக்கொண்டதும் உண்மையே. கௌரவமான குடும்பத்தார் தம் பிள்ளைகளை அப்பக்கம் போகவிடவில்லை.

இதைப் படிக்கும்போதே நம் உறுமி மேளக் குழுக்களின் நினைவு அன்பர்களுக்கு வந்திருக்கும்.

உறுமி பேசும் மொழி

உறுமி இருமுகக் கருவி, இடை சிறுத்தது. ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பர். மற்றொரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பர். அத்தேய்ப்பில் பிறக்கும் உறுமலே அதற்குப் பெயராயிற்று. புவி முரசுக் குழுவில் அடெபொஜு வாசிப்பது 'பேசும் முரசு' என்னும் நைஜீரியக் கருவி. அதுவும் இடை சிறுத்ததே. அக்குளில் இடுக்கி, வார்களை அழுத்தியும் தளர்த்தியும் குரலை ஏற்றி இறக்கி, யோருபா மொழியின் ஒலிநடையை அப்படியே பேசச் செய்வர். நம் உடுக்கையும் கையால் அழுத்தியே குரல் மாற்றப்படுகின்றது. ஆப்பிரிக்கன் தன் கருவியைப் பேசும் முரசென்று உலகுக்கு அறிமுகப்படுத்தினான். நாம் நம் உறுமியைச் சாமியாட்டத்துக்கு உரியதென்று மட்டும் எண்ணி விட்டுவிட்டோம். அழுத்தத்தாலும் தேய்ப்பாலும் தோலைப் பேசவைக்கும் நுட்பம் இரண்டிலும் உண்டு. அந்நுட்பத்தை எடுத்துக்கூறும் அறிஞரே நம்மிடம் அரியர்.

மலேசியத் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டு எண்ணெய்ப்பனை நடப்பட்டது. மக்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குப் பெயர்ந்தனர். அவ்வாறு பெயர்ந்தபோது அவர்களோடு உறுமியும் பெயர்ந்தது. தைப்பூசக் காவடிகளுக்கு முன்னே வாலிபர் கூட்டம் உறுமிகளையும் பெரிய முரசுகளையும் முழக்கிச் செல்வது இன்று யாவரும் காணும் காட்சி. இதன்மேல் கூறப்படும் குற்றங்களும் யாவரும் அறிந்தவையே: சினிமா மெட்டுகளை அடிக்கின்றனர், குழுவுக்குக் குழு சண்டையிடுகின்றனர், காது செவிடாகும்படி முழக்குகின்றனர் என்பன. சிங்கப்பூரில் குழுக்களுக்குள் நேர்ந்த பூசல் காரணமாகத் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியங்கள் 1973 முதல் தடுக்கப்பட்டிருந்தன. 2016இல்தான் குறித்த சில இடங்களில் மட்டும் அனுமதி கிடைத்தது.

இக்குற்றங்களில் உண்மை இல்லையென்று நாம் வாதிக்கமாட்டோம். ஓசை மிகுவதால் இசை மிகாது. ஒரே நடையைத் தொடக்கமுதல் முடிவுவரை ஒரே வேகத்தில் அடிப்பது கைக்குப் பயிற்சியாகலாம், செவிக்கு விருந்தாகாது. ஆனால் குற்றஞ்சாட்டுவோரை ஒன்று கேட்கின்றோம். அவ்வாலிபர்களுக்குக் கற்பிக்க ஆசிரியரை அமர்த்தினீர்களா? பயிலக் கொட்டகை கொடுத்தீர்களா? ஆண்டில் ஒரு நாளேனும் அவர்களை ஊர்வலத்தினின்று அழைத்து ஒரு மண்டபத்தில் அமர்த்தி, வாய்மூடிக் கேட்டீர்களா? வீணைக்கும் பரதத்துக்கும் மாதந்தோறும் கட்டணம் கட்டும் பட்டணத்துப் பெற்றோர், உறுமிக்கு ஒரு காசும் ஈயாமல் அதில் ஒழுங்கில்லையென்று நொந்துகொள்வது, விதைக்காத வயலில் கதிரைத் தேடுவது போலாகும்.

விட்டொழிப்பதா, மீட்டெடுப்பதா?

நிற்க. பறையைப் பற்றிச் சீர்திருத்தக்காரரிடையே இரு கட்சிகள் உண்டு. பிணத்துக்குக் கொட்டுவது ஒரு ஜாதியின் தலையில் கட்டப்பட்ட இழிதொழில். ஆகவே பறையைக் கைவிட்டால்தான் மானம் பிழைக்கும் என்பது ஒரு கட்சி. தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் பறையடிக்க மறுத்துப் போராடியதும், அதற்காகத் துன்புற்றதும் வரலாறு. அம்மறுப்பை நாம் முழுமனத்துடன் மதிக்கின்றோம். கூலியுமின்றி மதிப்புமின்றிப் பிறப்பைக் காட்டிக் கட்டாயப்படுத்தும் எத்தொழிலையும் மறுப்பது மனிதத்தன்மையே.

மற்றொரு கட்சி, பறையை விட வேண்டாம், அதன்மேல் ஏற்றிய இழிவை விடுக என்பது. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா நிறுவிய 'சக்தி' கலைக்குழுவில் ஏழைப் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி, ஆடிக்கொண்டே அடிக்கின்றனர். சாவுக்கு மட்டும், ஆண்கள் மட்டும், ஒரு ஜாதியார் மட்டும் என்றிருந்த மூன்று வேலிகளையும் அவர்கள் ஒரே அடியில் தாண்டிவிட்டனர். அலங்காநல்லூர்ப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு 2025இல் பத்மஸ்ரீ விருது அளித்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பறை பயிலும் வாலிபர் குழுக்கள் தோன்றியுள்ளன.

இரு கட்சிக்கும் முரண்பாடு இல்லையென்பதே நமது அபிப்பிராயம். கட்டாயத்தால் கொட்டும் பறையை விட்டொழிக்க வேண்டும். விருப்பத்தால் கற்கும் பறையை மேடையேற்ற வேண்டும். எது கட்டாயம், எது விருப்பம் என்பதை அறிய எளிய அளவுகோல் ஒன்றுண்டு. கொட்டுவோரில் எல்லா வகுப்பாரும் இருக்கின்றனரா? கூலி முன்கூட்டிப் பேசப்பட்டதா? அறிவிப்புத் தாளில் அவர் பெயர் அச்சிடப்பட்டதா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை வருமாயின் அது கலை; இல்லையேல் அது பழைய அடிமைத்தனம் புதிய சட்டை போட்டுக்கொண்டதே.

அண்டை வீட்டாரிடம் கற்பது

டிரினிடாட்டின் கதையை முடிக்காது விட்டோம். 1951இல் லண்டனில் பெருங்கண்காட்சி ஒன்று நடந்தது. அதற்குத் தம் தீவிலிருந்து ஒரு குழுவை அனுப்ப விரும்பியோர், ஒரே தெருக்குழுவைத் தேர்ந்தெடுக்கவில்லை. தம்முள் அடித்துக்கொண்டிருந்த குழுக்கள் பலவற்றிலிருந்தும் வல்லவர்களைப் பொறுக்கி ஒரே குழுவாக்கினர். போலீஸ் பாண்டுக் குழுவை நடத்திவந்த ஜோசப் கிரிபித் என்பவர் அவர்களுக்கு ஆசிரியரானார். இசைக் குறிப்பைப் படிக்கவும், சுரங்கள் முற்றும் பொருந்தும்படி பீப்பாய்களை அமைக்கவும் கற்பித்தார். லண்டன் மாநகரார் அக்குழுவின் வாசிப்பைக் கேட்டு வியந்தனர். முரடர் கருவி என்று தூற்றப்பட்டது, 1992இல் அந்நாட்டின் தேசியக் கருவியென்று அறிவிக்கப்பட்டது. சண்டைக்காரக் குழுக்களைத் தடியால் அடக்காமல் ஒரே அவையில் அமர்த்தியதால் விளைந்த நன்மை இது.

இவ்வளவு தூரம் போக மனமில்லாதவர், அண்டை வீட்டைப் பார்க்கலாம். 1988இல் ஜொகூர் பாருவில் தான் சாய் புவான் என்ற கவிஞரும் தான் ஹூய் சோங் என்ற இசைஞரும், சிங்க நடனத்துக்குக் கொட்டும் சீன முரசுகள் 24ஐ ஒன்றுசேர்த்து, உழவர் நாட்காட்டியின் 24 பருவங்களின் பெயரை ஒவ்வொன்றுக்கும் சூட்டினர். சீன உயர்நிலைப் பள்ளி மாணவர் அதைக் கற்றனர். பள்ளிக்குப் பள்ளி பரவியது. 2009இல் மலேசிய அரசு அதனைத் தேசிய மரபுடைமையாக ஏற்றுக்கொண்டது. தெருவில் கொட்டிய முரசு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததே அவ்வெற்றியின் காரணம். கொட்டும் பிள்ளையின் தகப்பன் என்ன தொழில் செய்தான் என்று அங்கே எவரும் கேட்கவில்லை.

நெகிரி செம்பிலான் வேறெந்த மாநிலத்துக்கும் இல்லாத ஒரு செல்வத்தை உடையது. மினாங்கபாவ் வழிவந்த மலாய் மக்கள் வெண்கலக் குமிழ்களை வரிசையாக வைத்துத் தட்டும் 'சக்லெம்போங்' இங்குள்ள திருமண வீடுகளில் ஒலிக்கின்றது. மலாய்த் திருமண ஊர்வலத்தில் கொம்பாங் முழங்குகின்றது. சீனப் புத்தாண்டில் சிங்க நடன முரசு. ஆடியிலும் தையிலும் நம் உறுமி. அமெரிக்காவில் ஒரு மிக்கி ஹார்ட் உலகமெங்கும் ஆளனுப்பிக் கூட்ட வேண்டியிருந்த அவை, தம்பினில் ஒரு மைல் சுற்றளவில் கூடிவிடும்! மலாய், சீன, இந்திய, ஆப்பிரிக்க முரசுகளை ஒன்றாய் முழக்கும் 'அசியானா பெர்கஷன் யூனிட்' போன்ற குழுக்கள் இந்நாட்டிலேயே தோன்றி, சரவாக்கின் மழைக்காட்டு உலக இசைவிழா வரை சென்றுள்ளன. நம்மால் ஆகாதென்று சொல்ல இனி நமக்கு வாயில்லை.

ஆகவே தோட்டத்துத் தோழர்களுக்கும் பட்டணத்து அன்பர்களுக்கும் நாம் கூறுவது இது. உறுமி மேளக் குழுக்கள் ஒவ்வொன்றும் தமக்குள் வல்ல இருவரைத் தேர்ந்து அனுப்பட்டும். அவர்கள் ஒரே குழுவாய் அமர்ந்து பயிலட்டும். முதியவர் கையிலுள்ள அடிகளை, அவை அவரோடு மறையுமுன், சொற்கட்டாய் எழுதி வைக்கட்டும். தமிழ்ப் பள்ளிகளின் ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடும் நேரத்தில் கால் மணியேனும் பறைக்கும் உறுமிக்கும் ஒதுக்கப்படட்டும். அக்கால் மணியில் பெண்பிள்ளைகளின் கையிலும் குச்சி கொடுக்கப்படட்டும். கோயில் நிர்வாகிகள் மேளக்காரருக்குப் பேசிய கூலியைப் பேசியபடி கொடுத்து, பாடகர் பெயர் அச்சிடும் இடத்திலேயே அவர் பெயரையும் அச்சிடட்டும்.

கடம் வாசித்தவர் உலக அவையில் அமர்ந்ததற்குப் பின்னே ஒரு பள்ளியும், ஓர் ஆசிரியரும், இடங்கொடுத்த தோழர்களும் இருந்தனர். உறுமிக்கும் பறைக்கும் வேண்டுவன அவையே. அவற்றைத் தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. தம்பின் தோட்டங்களிலிருந்து பெயர்ந்த குடும்பங்களில் அடிக்கத் தெரிந்த கைகள் இன்னும் உள்ளன. அவற்றை அழைத்து அமர்த்தத் தக்க ஓர் அவையை இவ்வாண்டிலேனும் கூட்ட நம்மவர் முன்வருவார்களா?